இங்கிலாந்தில் தலைப்பிரசவம்: நிறைமாதத்தில் நம் பெண்கள் கேட்கும் கேள்விகள்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்தகத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதன் பிறகு அவள் முகம் கொஞ்சம் வாடினாலும் கவனிக்க வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இங்கிலாந்தில் நிறைமாதத்தில் வீட்டில் இருப்பது நீங்களும் கணவரும் மட்டும்தான். அவரும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்.

இந்த ஊர் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பிரசவ முறை நல்ல முறை. ஆனால் ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் நீங்களே போன் செய்து சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிற முறை. டாக்டரை வீணாகத் தொந்தரவு செய்யக்கூடாது, வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அந்த ஒரு போன்தான் மலையாகத் தெரிகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன். 36 வாரம் தாண்டிய முதல் கர்ப்பிணிகளையும் அவர்கள் கணவர்களையும் மனதில் வைத்துச் சொன்ன பதில்கள் இவை. உங்கள் மிட்வைஃப் (கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிப்பவர்) உங்களைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் எப்போதும் முதல் இடம்.

ஊரில் என் நாத்தனாருக்குக் கடைசி மாதத்தில் அடிக்கடி ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு 20 வாரத்துக்குப் பிறகு ஒன்றுமே எடுக்கவில்லை. கவனிக்காமல் விடுகிறார்களா?

இல்லை. சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு இங்கே வழக்கமான ஸ்கேன் இரண்டுதான்: 12 வாரத்தை ஒட்டி ஒன்று, 20 வாரத்தை ஒட்டி ஒன்று. அதன் பிறகு மிட்வைஃப் ஒவ்வொரு முறையும் டேப் வைத்து வயிற்றை அளக்கிறாரே, அதுதான் குழந்தை வளர்கிறதா என்று பார்க்கும் வழி. அந்த அளவை ஒரு வரைபடத்தில் குறிப்பார்கள். கோடு எதிர்பார்த்தபடி ஏறவில்லை என்றால் வளர்ச்சி ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். கர்ப்பகால சர்க்கரை இருந்தாலும், குழந்தை சிறியதாக இருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலும் கூடுதல் ஸ்கேன் உண்டு.

முதல் கர்ப்பத்துக்கு 34, 36, 38, 40 வாரங்களிலும், இன்னும் பிறக்கவில்லை என்றால் 41 வாரத்திலும் மிட்வைஃபைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் கட்டாயம் பார்க்க வேண்டும். அவசரத்தில் யாராவது அதை விட்டுவிட்டால், "சிறுநீர் பரிசோதனை செய்யவில்லையே" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதை இங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. 36 வார சந்திப்பில் குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதம் ஏற ஏற வயிற்றுக்குள் இடம் இருக்காது, அசைவு குறையும் என்று அத்தை சொல்கிறார். சரிதானா?

சரியல்ல. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கடைசி வாரங்களில் அசைவின் தன்மை மாறலாம். உதையாக இருந்தது உருளுவதாக, முட்டுவதாகத் தெரியலாம். ஆனால் அசைவு குறையக்கூடாது. பிரசவ வலி தொடங்கிய பிறகும் குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

இத்தனை முறை அசைய வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. உங்கள் குழந்தைக்கு என்று ஒரு போக்கு இருக்கும். நீங்கள் இரவு படுத்ததும் ஆட்டம் போடும் பிள்ளை ஒரு நாள் சும்மா இருந்தால் அதுதான் மாற்றம். அந்த மாற்றம் தெரிந்த உடனே மகப்பேறு பிரிவின் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த எண் உங்கள் மருத்துவக் குறிப்பேட்டிலோ செயலியிலோ இருக்கும். அது 24 மணி நேரமும் இயங்கும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இனிப்பு சாப்பிட்டுப் பார்க்கிறேன், ஜில்லென்று தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன் என்று நேரத்தை விடவும் வேண்டாம். கடையில் விற்கும் கருவியை வயிற்றில் வைத்து இதயத்துடிப்பு கேட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நஞ்சுக்கொடியில் ஓடும் உங்கள் ரத்தத்தின் ஓசையைக்கூட குழந்தையின் துடிப்பு என்று நாம் எண்ணிவிடலாம்.

போனால் வயிற்றில் பட்டை கட்டி இதயத்துடிப்பைப் பதிவு செய்வார்கள். பெரும்பாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் திரும்பவும் அசைவு குறைந்தால் திரும்பவும் போன் செய்ய வேண்டும். "நேற்றுத்தானே போனோம், என்ன நினைப்பார்கள்?" என்ற கேள்விதான் ஆபத்தானது. இந்த நாட்டின் மகப்பேறு இறப்பு அறிக்கைகளில் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் விகிதம் வெள்ளை இனத்தவரைவிட ஆசிய வம்சாவளிக் குடும்பங்களில் தொடர்ந்து அதிகமாகவே இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. போன் எடுக்க உங்களுக்கு எல்லோரையும்விடக் கூடுதல் காரணம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதோடு இன்னொன்று: 28 வாரத்துக்கு மேல் தூங்கப் போகும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். இடப்பக்கமோ வலப்பக்கமோ, எதுவானாலும் சரி. நடுராத்திரியில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா, பதற வேண்டாம். திரும்பிப் படுத்தால் போதும்.

ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது. வெயில் குறைந்ததால் தோல் வறண்டுவிட்டதா?

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் படுத்துவிடாதீர்கள், போன் செய்யுங்கள். வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்பு சாதாரணம். ஆனால் தடிப்பு, கொப்புளம் எதுவும் இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கி இரவில் கூடுகிற அரிப்பு கல்லீரல் தொடர்பான ஒரு கர்ப்பகாலப் பிரச்சினையாக இருக்கலாம். பித்த அமிலம் ரத்தத்தில் சேர்வதால் வருவது அது. இங்கே மொத்தக் கர்ப்பிணிகளில் சுமார் 140 பேரில் ஒருவருக்கு வருகிறது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களுக்கு அதைவிட அதிகம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அளவு மிக அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து உண்டு. அதனால் பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலும், கண் மஞ்சளித்தாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேறு எதற்கெல்லாம் உடனே கூப்பிட வேண்டும்?

விடாத தலைவலி, கண் முன் மின்னல் வெட்டுவது போலவோ மங்கலாகவோ தெரிவது, விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது: இவை ரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளங்கள். நிறைமாதத்தில் கால் வீங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான். முகம் வீங்கினால் அப்படி விடாதீர்கள். ரத்தப்போக்கு, காய்ச்சல், விட்டுவிட்டு வராமல் நிற்காமல் இருக்கும் வயிற்று வலி ஆகியவற்றுக்கும் உடனே பேச வேண்டும். ரத்தம் கொட்டினாலோ, வலிப்பு வந்தாலோ, தொப்புள்கொடி வெளியே தட்டுப்பட்டாலோ, குழந்தையின் தலை தெரிந்தாலோ நேராக 999.

சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

இங்கேயும் கஷாயம் போட்டுக் குடிக்கலாம், தவறில்லை. வெந்நீரில் குளித்தாலும், இடம் மாறி உட்கார்ந்தாலும், கொஞ்சம் நடந்தாலும் அடங்கிவிட்டால் சூட்டு வலி. எதற்கும் அடங்காமல், இடைவெளி குறைந்துகொண்டே, பலம் கூடிக்கொண்டே வந்தால் பிள்ளை வலி. பலருக்கு அடிமுதுகில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும். ரத்தம் கலந்த சளி போல ஒரு கட்டி வெளிப்படுவதும் உண்டு. அது வந்த சில மணி நேரத்தில் வலி தொடங்கலாம், சில நாள் ஆகவும் செய்யலாம். அதற்காக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. ரத்தம் அதிகமாக இருந்தால் மட்டும் உடனே பேசுங்கள்.

10 நிமிடத்துக்கு 3 வலி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று வந்தால் போன் செய்யும் நேரம். பேசும்போது போனை நீங்களே வைத்துக்கொள்வது நல்லது. வலி வரும்போது உங்கள் பேச்சு எப்படித் தடைபடுகிறது என்பதைக் கேட்டே மிட்வைஃப் பாதி முடிவு செய்வார். நம் பெண்கள் இங்கேதான் தங்களுக்கே பாதகம் செய்துகொள்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அமைதியாக, "கொஞ்சம் வலிக்கிறது" என்பார்கள். இந்த ஊரில் வலியைச் சத்தமாகச் சொல்வார்கள் என்பதால், அமைதியாகப் பேசுகிறவருக்கு இன்னும் வலி முற்றவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. "வலி வந்தால் என்னால் பேச முடியவில்லை" என்று வார்த்தையில் சொல்லுங்கள்.

போன பிறகு கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறக்கவில்லை என்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது இங்கே சாதாரணம். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டுத் திரும்புவது நமக்கு அவமானம் போல, துரத்திவிட்டார்கள் என்பது போல இருக்கும். உண்மையில் ஆரம்ப வலி வீட்டில் நன்றாக முன்னேறும் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வீடு ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தாலோ, நள்ளிரவில் கார் கிடைக்காது என்றாலோ அதைச் சொல்லி அங்கேயே இருக்க முடியுமா என்று கேட்பது உங்கள் உரிமை. வலி உறுதிப்பட்ட பிறகு முதல் பிரசவத்துக்கு சராசரியாக 8 மணி நேரம் ஆகும். 18 மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம்.

வலி இல்லாமல் பனிக்குடம் மட்டும் உடைந்தால்?

ஒரு பெரிய நாப்கின் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். குபீரென்று கொட்டலாம், சிறுநீர் போலச் சொட்டுச் சொட்டாகவும் வரலாம். நீர் தெளிவாகவோ வெளிர் வைக்கோல் நிறத்திலோ இருக்க வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். நாற்றம் அடித்தால் தொற்று இருக்கலாம். இரண்டுக்கும் உடனே புறப்பட வேண்டும். நாப்கினை எறிந்துவிடாமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள். நிறம் சரியாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாக வந்துவிடும். வராவிட்டால் வலி தூண்டுவதைப் பற்றிப் பேசுவார்கள்.

தேதி தாண்டிவிட்டது. ஊரிலிருந்து தினமும் போன் மேல் போன்.

தேதி என்பது ஒரு கணிப்பு. 37 முதல் 42 வாரம்வரை எப்போது பிறந்தாலும் நிறைமாதப் பிள்ளைதான். 39 வாரத்துக்கு மேல் மிட்வைஃப் விரலால் கருப்பை வாயைச் சுற்றித் தூண்டிவிடட்டுமா என்று கேட்பார். உங்களுக்கு விருப்பம் இருந்தால் சம்மதிக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். 41 வாரம் ஆனதும் மருந்து மூலம் வலி வரவழைப்பதைப் பற்றிப் பேச்சு வரும். அதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதைக் கணவர் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் "காலையில் போனவள், சாயங்காலம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே" என்று அங்கே பதறுவார்கள். விளக்கெண்ணெய் குடி என்று யாராவது சொன்னால் வேண்டாம். வயிற்றுப்போக்கும் உடல் வறட்சியும்தான் மிஞ்சும்.

வலியைத் தாங்க என்னென்ன தருவார்கள்? எங்கே பெற்றுக்கொள்வது நல்லது?

முதலில் தருவது வாயில் வைத்து இழுக்கும் வாயு. பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். அது வேலை செய்ய 15 முதல் 20 விநாடி ஆகும். அதனால் வலி உச்சத்துக்கு வந்த பிறகு இழுத்தால் பயனில்லை. அலை எழும்போதே இழுக்கத் தொடங்க வேண்டும். தலை கொஞ்சம் சுற்றும், நிறுத்தினால் தெளிந்துவிடும். அடுத்தது பெத்திடின் போன்ற ஊசி. பிறக்கும் நேரம் நெருங்கிவிட்டால் குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம் என்பதால் அப்போது தரமாட்டார்கள். முதுகுத்தண்டில் போடும் எபிடியூரல் வலியை மிக நன்றாகக் குறைக்கும். ஆனால் மயக்க மருந்து நிபுணர் வேண்டும், அதனால் டாக்டர்கள் இருக்கும் லேபர் வார்டில்தான் கிடைக்கும். மிட்வைஃப்கள் மட்டும் நடத்தும் பிரசவ மையத்தில் கிடையாது. மையத்தில் தொடங்கிவிட்டு வேண்டுமென்றால் வார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

என் பரிந்துரை: சிக்கல் இல்லாத முதல் பிரசவம் என்றால், ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் பிரசவ மையம். வீட்டிலேயே பெற்றுக்கொள்ளவும் இங்கே வசதி உண்டு. ஆனால் 2011-இல் வந்த இங்கிலாந்து ஆய்வில், முதல் பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்டவர்களின் குழந்தைகளுக்குக் கடுமையான பாதிப்பு 1000-க்கு 9 என்றும், ஆஸ்பத்திரியில் 1000-க்கு 5 என்றும் தெரிந்தது. இரண்டுமே சிறிய எண்கள்தான். இருந்தாலும் தலைப்பிரசவத்துக்கு நான் வீட்டைச் சொல்லமாட்டேன்.

வலி மருந்து கேட்பது பலவீனம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அம்மாவே சொன்னாலும்.

என் ஆங்கிலம் சுமார்தான். வலியில் அதுவும் வராது. கணவர் பேசினால் போதாதா?

போதாது. என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். தமிழுக்குப் பெரும்பாலும் போன் வழியாகக் கிடைப்பார்கள். அடுத்த சந்திப்பிலேயே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கணவர் நன்றாகப் பேசுவார் என்பது வேறு விஷயம். மாதவிடாய், வெள்ளைப்படுதல், மனநிலை, வீட்டில் பயமாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் உங்களிடமிருந்து நேராகப் போக வேண்டும். தவிர, பிரசவ அறையில் அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியவர். வெட்டுக்கும் ஊசிக்கும் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க வேண்டியவர் அல்ல.

கணவர் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டுமா? அவர் ரத்தம் பார்த்தால் மயங்குகிறவர்.

கட்டாயம் இல்லை, ஆனால் எதிர்பார்ப்பார்கள். ஊரில் வராந்தாவில் நடக்கும் வேலை இங்கே கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில். தலைமாட்டில் நின்றால் போதும், கீழே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முதலில் நன்றாகச் சாப்பிடட்டும். வெறும் வயிற்றோடு இரவெல்லாம் நின்றுதான் பல ஆண்கள் மயங்குகிறார்கள். உங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, முதுகை அழுத்திவிடுவது, நீங்கள் சொல்லாமல் விடுவதைச் சொல்வது அவர் வேலை. தொப்புள்கொடியை வெட்டுகிறீர்களா என்று கேட்பார்கள். முடியாது என்றாலும் ஒன்றும் இல்லை. பல இடங்களில் இரண்டு பேரை உள்ளே விடுவார்கள், அம்மா வந்திருந்தால் அவரும் இருக்கலாம்.

அம்மா எப்போது வந்தால் சரி?

விசிட்டர் விசாவில் ஒரு தடவைக்கு 6 மாதம்வரை தங்கலாம். அதனால் 37-வது வாரத்தை ஒட்டி வருவதே நல்லது என்பது என் எண்ணம். குழந்தை பிறந்த பிறகு வந்தால் பயணக் களைப்பும் நேர மாற்றமும் பச்சை உடம்புக்காரியோடு சேர்ந்துகொள்ளும். முன்பே வந்தால் அடுப்பு எப்படிப் பற்றுகிறது, ஹீட்டரை எப்படிக் கூட்டுவது, குப்பை எந்த நாளில் வெளியே வைப்பது, மருந்துக்கடை எங்கே என்பதெல்லாம் பழகிவிடும். அவசரத்துக்கு 999 என்பதையும் உங்கள் வீட்டு அஞ்சல் குறியீட்டையும் தமிழில் எழுதி குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் கூப்பிட முடியாத நேரத்தில் அவர்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

அம்மாவுக்குப் பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற்றாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதிக் காப்பீடு எடுங்கள். விசிட்டர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் என்.எச்.எஸ். செலவில் 150 சதவீதம் கட்டணமாகக் கேட்கும். பெட்டியில் வீட்டு நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அனுமதி இல்லை. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் கிடைக்காத சாமானே இல்லை. ஈழத்தவர் கடைகளில் பத்தியக் கறிக்கான சரக்குத்தூள்கூடக் கிடைக்கும்.

வர முடியாதவர்கள் மனம் உடைய வேண்டாம். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பருப்புப் பொடி என்று இப்போதே சமைத்து, பொடித்து, உறைபெட்டியில் ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று வைத்துவிடுங்கள். 36 வாரத்தில் முடிகிற வேலை 39-இல் முடியாது.

ஆஸ்பத்திரிப் பையில் என்ன வைக்க வேண்டும்?

எல்லோரும் தரும் பட்டியல் உங்களிடம் இருக்கும். நம்மவர்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பிள்ளை பெற்றவுடன் இங்கே டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவந்து தருவார்கள், அது இந்த ஊர் மரியாதை. குடிக்க ஜில் தண்ணீர் வைப்பார்கள். குளித்துவிட்டு வாருங்கள் என்று ஷவரைக் காட்டுவார்கள். மூன்றையும் பார்த்து அம்மா அதிர்ந்துபோவார். குளிக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. உண்மையில் அதுதான் தையல் இருக்கும் இடத்துக்கு நல்லது. வெந்நீருக்கு ஒரு ஃபிளாஸ்க், ரசம் சாதத்துக்கு இன்னொன்று, தலைக்குத் துண்டு, கம்பளிக் காலுறை, முன்பக்கம் திறக்கும் நைட்டி. நீளமான சார்ஜர். நாப்கினும் டயப்பரும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

சிக்கல் இல்லாத சுகப்பிரசவம் என்றால் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கார் இருக்கை இல்லாமல் குழந்தையைக் காரில் ஏற்ற முடியாது. அந்த இருக்கையை மாட்டவும் கழற்றவும் கணவர் இந்த வாரமே பழகிக்கொள்ளட்டும், மழையில் ஆஸ்பத்திரி வாசலில் அல்ல.

சேனை வைக்கலாமா? கண்ணுக்கு மை, சாம்பிராணி, லேகியம்?

சேனைக்குத் தேன் மட்டும் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகி, தசைகளைச் செயலிழக்க வைக்கலாம். ஒரு சொட்டும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் தேவையில்லை, சீம்பால்தான் முதல் உணவு. தாத்தா கையால் சேனை வைத்தே ஆக வேண்டும் என்றால், தாயின் சீம்பால் ஒரு துளியை அவர் விரலால் உதட்டில் தொட்டு வைக்கட்டும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு.

கடையில் வாங்கும் மையில் ஈயம் இருக்கலாம். கண்ணிலும் வேண்டாம், கன்னத்திலும் வேண்டாம். சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. போதாததற்கு இங்கே மூடிய வீடுகள், புகை எச்சரிக்கை மணி வேறு அலறும். லேகியம் சாப்பிடுவதானால், என்ன கலந்தது என்று எழுதாத டப்பாவை நம்பாதீர்கள். சில நாட்டு மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்தது இங்கே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இஞ்சி, பூண்டு, மிளகு, கருப்பட்டி போட்டு வீட்டில் சமைக்கிற பத்தியத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மஞ்சள் காமாலையை மட்டும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். மாநிறக் குழந்தையின் தோலில் அது சரியாகத் தெரியாது. கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சளாகத் தெரிந்தால் அவசரம். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. இங்கே எல்லாக் குழந்தைக்கும் போடுவதில்லை. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர்கள் என்றால் உங்கள் குழந்தைக்கு உண்டு. 28 நாளை ஒட்டிப் போடுவார்கள். அழைப்பு வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பகலில் தனியாக இருக்கும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது.

காரணம் இருக்கிறது. நாலு மணிக்கே இருட்டுகிற டிசம்பரில், தெருவில் யாரையும் தெரியாத ஊரில், முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு இருக்கிறீர்கள். மிட்வைஃபிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு மனநல ஆலோசனையில் முன்னுரிமை தருவார்கள். சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நம்மிடையே ஒரு பயம் உலவுகிறது. உதவி கேட்கும் தாய்க்கு உதவி செய்வதுதான் அவர்கள் வேலை. பிறந்த மூன்றாம் நாளை ஒட்டி வரும் அழுகை பலருக்கும் உண்டு, தானாகத் தணியும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது தாயின் குணக்கேடும் அல்ல, திருஷ்டியும் அல்ல. ஜி.பி.-யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், போக வேண்டிய விஷயம்.

விசாவில் இருக்கிறோம். பிரசவ விடுப்புப் பணம் வாங்கினால் விசாவுக்குப் பாதிப்பா?

இல்லை. வேலை தருபவர் மூலம் வரும் சட்டப்படியான மகப்பேறு ஊதியம், விசா நிபந்தனை தடுக்கும் அரசு உதவித்தொகைப் பட்டியலில் சேராது. 39 வாரம் கிடைக்கும்: முதல் 6 வாரம் சராசரி சம்பளத்தில் 90 சதவீதம், மீதி 33 வாரம் அந்த 90 சதவீதம் அல்லது அரசு நிர்ணயித்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. அதற்குத் தகுதி இல்லாதவர்கள் கேட்கும் மகப்பேறு உதவித்தொகையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் குழந்தைகளுக்கான அரசு உதவி (சைல்ட் பெனிஃபிட்) அதில் உண்டு. விசா நிபந்தனை தடுத்தால் அதற்கு விண்ணப்பிக்காதீர்கள். இன்னொரு விதியையும் கவனியுங்கள்: பிரசவ வாரத்துக்கு முந்தைய 4 வாரங்களில் கர்ப்பம் தொடர்பான காரணத்துக்காக உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தால், மறுநாளிலிருந்தே பிரசவ விடுப்பு தொடங்கிவிடும்.

இங்கே பிறந்தால் குழந்தைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்துவிடுமா?

1983 ஜனவரி 1 முதல் பிறப்பால் மட்டும் கிடைப்பதில்லை. தாய் தந்தையரில் ஒருவராவது அந்த நேரத்தில் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். இருவரும் வேலை விசாவில் இருந்தால் குழந்தை இந்தியக் குடிமகன். பிற்பாடு உங்களில் ஒருவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்ததும், 18 வயதுக்குள் இருக்கும் குழந்தையை பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

பிறப்பை 42 நாளுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிய வேண்டும். பிறகு ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்து பாஸ்போர்ட் வாங்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகாதவரை குழந்தைக்கு விசா இல்லாமல் இருக்கலாம். ஆனால் தாத்தா பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போனால், திரும்பி வர விசா வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள்.

பெயரையும் இப்போதே பேசி முடியுங்கள். பதிவாளர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார். நம் இனிஷியல் முறை அவருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் எந்தப் பெயரையும் குடும்பப் பெயராக வைக்கலாம் என்பதால், அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுதாக அங்கே போடுங்கள். ஒற்றை எழுத்து வேண்டாம். சான்றிதழில் என்ன எழுத்துக்கூட்டலோ அதேதான் பாஸ்போர்ட்டிலும் பள்ளியிலும் தொடரும். அதனால் பதிவாளர் கையெழுத்துக்கு முன் திரையைத் திருப்பிக் காட்டும்போது ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். சான்றிதழில் கூடுதலாக இரண்டு பிரதி அப்போதே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் ஒரே சமயத்தில் மூலச் சான்றிதழ் கேட்பார்கள்.